கேட்டால் சொல்வார்கள்

காலை பத்து மணி. அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவு. ஓ.பி. சீட்டை நான்காக மடித்துக் கையில் வைத்திருக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் டாக்டர் முன்னால் ஸ்டூலில் உட்காருகிறார். "உடம்பெல்லாம் வலி சார். கையும் காலும் எரியுது. நெஞ்சு படபடங்குது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. சோத்தைப் பார்த்தாலே புடிக்கல." பி.பி. பார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது. சுகர் இல்லை. ஈசிஜியிலும் கோளாறு இல்லை. டாக்டர் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதித் தருகிறார். வெளியே வரிசை வாசல்வரை நிற்கிறது. அந்தம்மா எழுந்து திரும்பும்போது, பக்கத்தில் நிற்கும் நர்ஸ் சாதாரணமாகக் கேட்கிறார்: "வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?" அவ்வளவுதான். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவர் அழ ஆரம்பிக்கிறார். கடன், குடிக்கிற கணவர், பேச்சுவார்த்தை நின்றுபோன மகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சிறுநகர கிளினிக்கிலோ வேலை பார்க்கும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் இந்தக் காட்சி தனக்குப் பழக்கம் என்பார். இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில், பெங்களூரு உள்பட 15 மையங்களில், சாதாரண உடல் உபாதைக்காக டாக்டரிடம் வந்த 25,916 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 1999-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான அதன் முடிவு இது: மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்ட 1,146 பேரில் 69 சதவிகிதம் பேர் டாக்டரிடம் உடல் உபாதைகளை மட்டுமே சொல்லியிருந்தார்கள். மனசு சரியில்லை என்று தாங்களாக வாய் திறக்கவே இல்லை.

அந்த ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கவலையாக இருக்கிறதா, எதிலும் நாட்டம் இல்லாமல் போகிறதா, குற்ற உணர்வு அரிக்கிறதா என்று நேரடியாகக் கேட்டபோதும் 'அப்படியெல்லாம் இல்லை' என்றவர்கள் வெறும் 11 சதவிகிதம் பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொல்ல மனமில்லாதவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர், யாரும் கேட்காததால் சொல்லாமல் இருப்பவர்கள்.

மனித உணர்ச்சிகளைப் பற்றி உளவியல் கடந்த அரை நூற்றாண்டில் எத்தனையோ கண்டுபிடித்திருக்கிறது. ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

முகம் காட்டிக்கொடுக்குமா?

"நான் எதுக்குக் கேக்கணும்? அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியுமே" என்று சொல்லாத அம்மா உண்டா? இந்த நம்பிக்கைக்கு விஞ்ஞானத்திலும் நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-ல் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சி, எந்தத் தசை இழுத்தால் எந்தப் பாவம் வருகிறது என்று புகைப்படங்களோடு புத்தகம் போட்டார். வாயால் மட்டும் சிரிப்பது ஒரு சிரிப்பு, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கினால்தான் அது உள்ளிருந்து வரும் சிரிப்பு என்று அவர் கண்டதை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து, 1872-ல், சார்லஸ் டார்வின் மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் விதம் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். பல் தெரியச் சீறும் நாய்க்கும் கோபத்தில் உதட்டை மடக்கும் மனிதனுக்கும் பொதுவான பூர்வீகம் உண்டு என்பது அவர் வாதம்.

அடுத்த பெரிய பெயர் பால் எக்மன். 1960-களின் இறுதியில் இந்த அமெரிக்க உளவியலாளர் பாப்புவா நியூகினியாவின் மலைப்பகுதியில் வாழ்ந்த ஃபோரே மக்களிடம் போனார். சினிமா, பத்திரிகை, வெளிநாட்டார் முகம் எதுவும் அதிகம் பார்த்திராதவர்கள். சின்னச் சின்னக் கதைகளைச் சொல்லி, அந்தக் கதைக்குப் பொருத்தமான முகத்தைப் புகைப்படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். பெரும்பாலும் சரியாகவே எடுத்தார்கள். மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம் என்ற ஆறு உணர்ச்சிகளும் உலகெங்கும் ஒரே முகத்தோடு இருக்கின்றன என்ற கருத்து அதற்குப் பிறகுதான் பாடப்புத்தகங்களில் ஏறியது.

இன்று அது ஆட்டம் கண்டிருக்கிறது. அதே பாப்புவா நியூகினியாவைச் சேர்ந்த ட்ரோப்ரியண்ட் தீவுகளில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், நாம் பயந்த முகம் என்று சொல்லும் முகத்தை அங்குள்ள இளைஞர்கள் மிரட்டுகிற முகம் என்றார்கள். 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரட்டும் வேறு நான்கு விஞ்ஞானிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை அலசினார்கள். கோபமாக இருக்கும்போது மனிதர்கள் முகத்தைச் சுளிப்பது சுமார் 30 சதவிகித நேரங்களில்தான் என்று சொன்னார்கள். மீதி நேரம் கோபக்காரர் பேசாமல் இருக்கிறார், சிரிக்கிறார், அழுகிறார், பாத்திரத்தைச் சத்தமாக வைக்கிறார். முகம் சுளித்தவரெல்லாம் கோபக்காரரும் இல்லை. வெயில் கண்ணில் அடித்தாலும் கணக்குப் போட்டாலும் அதே சுளிப்புத்தான். ஊழியர்கள், மாணவர்கள் முகத்தை கேமராவில் பார்த்து அவர்கள் மனநிலையைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் பணியிடங்களிலும் பள்ளிகளிலும் தடை விதித்ததற்கு, இந்தக் கணிப்பின் அடிப்படையே பலவீனமானது என்பதும் ஒரு காரணம்.

அம்மாக்களின் கணிப்பு கேமராவைவிட மேல்தான். பழக்கம், குரல், தட்டில் மிச்சம் வைத்த சோறு என்று அவர்கள் பார்ப்பது முகத்தை மட்டும் அல்ல. ஆனாலும் 'பார்த்தாலே தெரியும்' என்ற நம்பிக்கை ஒரு கெடுதலைச் செய்துவிடுகிறது. தெரியும் என்று நினைப்பவர்கள் கேட்பதில்லை. சிரித்த முகத்தோடு வளைய வந்த பையனைப் பற்றி, "நேத்து ராத்திரிகூட நல்லாத்தானே பேசிட்டு இருந்தான்" என்று கதறும் குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அடக்கியது எங்கே போகிறது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் கிராஸ் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரு கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். 1990-களில் அவரும் ராபர்ட் லெவன்சனும் செய்த சோதனைகள் எளிமையானவை. உடம்பில் கருவிகளைப் பொருத்தி, ஆட்களைப் படம் பார்க்க வைப்பார்கள். சிலவற்றில் அறுவை சிகிச்சைக் காட்சிகள், சிலவற்றில் துயரக் காட்சி, சிலவற்றில் நகைச்சுவை. பாதிப் பேரிடம் ஒரு நிபந்தனை: உங்களைப் பார்ப்பவருக்கு நீங்கள் என்ன உணர்கிறீர்கள் என்று தெரியக்கூடாது.

அவர்கள் நன்றாகவே மறைத்தார்கள். முகம் கல்லாக இருந்தது. ஆனால் கருவிகள் வேறு கதை சொல்லின. மறைத்தவர்களின் உள்ளங்கை வியர்வை கூடியது, ரத்தக்குழாய்களை இறுக்கும் நரம்பு மண்டலம் கூடுதலாக வேலை செய்தது. இதைவிட முக்கியமானது, உணர்ச்சிக்கு என்ன ஆயிற்று என்பது. நகைச்சுவையை ரசித்தபடி சிரிப்பை அடக்கியவர்களுக்கு மகிழ்ச்சி குறைந்துபோனது. துயரத்தை அடக்கியவர்களுக்குத் துயரம் கொஞ்சமும் குறையவில்லை. அடக்குவது நல்லதைத் தின்றுவிட்டு, கெட்டதை அப்படியே விட்டுவைக்கிறது. பிறகு வந்த சோதனைகளில், அடக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் கேட்டதும் பார்த்ததும் சரியாக நினைவில் தங்குவதில்லை என்பதும் தெரிந்தது. வகுப்பில் கவனமில்லை என்று திட்டு வாங்கும் பிள்ளையைப் பற்றி ஆசிரியர்கள் யோசிக்க இதில் விஷயம் இருக்கிறது.

2003-ல் எமிலி பட்லரும் கிராஸும் மற்றவர்களும் செய்த சோதனை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சின் கோரத்தைக் காட்டும் ஆவணப்படத்தைப் போட்டார்கள். பார்த்து முடித்ததும் இருவரும் அதைப் பற்றிப் பேச வேண்டும். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், மற்றவருக்குத் தெரியாமல், 'உணர்ச்சியைக் காட்டாதீர்கள்' என்று சொல்லியிருந்தார்கள். பேச்சு ஒட்டவில்லை. அதோடு, எதையும் அடக்காமல் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த எதிராளிக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. ஒருவர் வாயை மூடிக்கொண்டால் எதிரில் இருப்பவர் உடம்பும் அதற்கு விலை கொடுக்கிறது. வீட்டில் ஒருவர் நாலு நாளாக 'உம்'மென்று இருந்தால் குழந்தைகளுக்குக்கூடச் சாப்பாடு இறங்காமல் போவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அடக்குவதெல்லாம் நோய் என்று மேற்கத்திய உளவியல் ரொம்பக் காலம் பேசிக்கொண்டிருந்தது. அது முழு உண்மை இல்லை என்று அதே பட்லர் குழு 2007-ல் காட்டியது. ஆசியப் பண்பாட்டு மதிப்பீடுகளோடு வளர்ந்த பெண்களிடம், அடக்குவதால் உறவில் வரும் பாதிப்பு குறைவாக இருந்தது. அடக்கம் என்பது மற்றவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் வழியாகப் பழகியவர்களுக்கு, அது பொய்யாகத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து, 'நோட்ஸ் ஆன் லவ் இன் எ டமில் ஃபேமிலி' என்ற நூலை 1990-ல் வெளியிட்ட மானுடவியலாளர் மார்கரெட் ட்ராவிக்கும் இதைத்தான் கவனித்தார். பாசம் மிகுந்த இடத்தில்தான் பாசத்தை மறைக்கிறார்கள். தூங்குகிற பிள்ளையை ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு தாய் தயங்குகிறாள், கண் பட்டுவிடும் என்று. கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து அழகைக் கொஞ்சம் கெடுத்து வைக்கிறாள். அடுத்தவர் முன்னால் தன் பிள்ளையைக் குறைத்துச் சொல்கிறாள். இதை அன்பில்லாத சமூகம் என்று வாசிக்கிறவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். அன்பை மறைத்துக் காட்டும் கலை நம்மிடம் உண்டு. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அன்பை மறைக்கக் கற்றுக்கொண்ட அதே வீட்டில் வலியையும் மறைக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறோமே, அதுதான் எனக்குக் கவலை.

பஸ் ஸ்டாண்டில் ஓர் அப்பா

தீபாவளி லீவு முடிந்த இரவில் ஏதாவது ஒரு தென்மாவட்டப் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ கிளம்பும் பஸ்ஸின் ஜன்னலோரம் மகன் உட்கார்ந்திருப்பான். கீழே அப்பா நிற்பார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாயிற்று. பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாயிற்று. பேசுவதற்கு ஒன்றும் இல்லை. "டயர்லாம் புதுசாத்தான் போட்ருக்கான்" என்பார். "மழை வந்தா ஜன்னலைச் சாத்திக்க" என்பார். மகன், "சரிப்பா, நீங்க கிளம்புங்க" என்பான். அவர் கிளம்ப மாட்டார். பஸ் திரும்பி வெளியேறும்வரை நிற்பார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "போய்ச் சேந்ததும் போன் பண்ணச் சொல்லு" என்பார். மகனிடம் தானே பேச மாட்டார்.

இந்த அப்பாக்களின் அன்பை யாரும் சந்தேகப்பட முடியாது. அவர்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. கீழே விழுந்து முட்டி சிராய்த்த மூன்று வயதுப் பையனிடம், "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று ஆரம்பிக்கிறோம். கைக்குழந்தைகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுதான் அழுகிறார்கள். பெரியவர்கள் ஆனபின் உலகெங்கும் ஆண்கள் மிகக் குறைவாக அழுகிறார்கள். இடையில் உள்ள ஆண்டுகளில் ஹார்மோனும் தன் வேலையைச் செய்கிறது, நாமும் செய்கிறோம். பயம், அவமானம், துக்கம் எல்லாவற்றுக்கும் பையன்களிடம் விட்டுவைத்த ஒரே வெளிப்பாடு கோபம். அதுவும் போதாதபோது டாஸ்மாக்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையைப் பிரித்துப் பாருங்கள். அந்த ஆண்டு இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் ஆண்கள் 1,22,724 பேர். பத்தில் ஏழு பேருக்கு மேல். மாநில வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இரண்டாவது இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது: 19,834 பேர். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளி.

இந்தக் கடைசி விவரத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனம் விட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது பேச்சு மட்டும் வயிற்றை நிரப்பாது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கிறது என்று வகுக்கிறார். அழுகைக்கு அவர் தரும் நான்கு: இழிவுபடுத்தப்படுதல், உயிரையோ உடைமையையோ இழத்தல், பழைய நிலையிலிருந்து தாழ்ந்துபோதல், வறுமை. நான்கில் எதுவும் மனசுக்குள் மட்டும் நடப்பது இல்லை. அழுகிறவனுக்கு வெளியே, அவன் வாழ்க்கையில், யாரோ செய்ததும் ஏதோ நடந்ததும் இருக்கிறது. உணர்ச்சியை மருந்தால் மட்டும் பார்க்கும் மருத்துவரும், அறிவுரையால் மட்டும் பார்க்கும் உறவினரும் இந்தப் பட்டியலை ஒருமுறை வாசிக்கலாம்.

கத்தித் தீர்த்தால் போதுமா?

அடக்குவது கெடுதல் என்றால், கொட்டிவிடுவது நல்லதா? குக்கரில் ஆவி சேர்ந்தால் விசில் அடித்து வெளியேற வேண்டும் என்கிற மாதிரிதான் பலரும் மனசை நினைக்கிறார்கள். 1895-ல் ஜோசஃப் ப்ராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் ஹிஸ்டீரியா பற்றி எழுதிய நூலிலிருந்து இந்த எண்ணம் பரவியது. காசு கொடுத்துப் பாத்திரங்களை உடைத்துக் கோபம் தீர்க்கும் அறைகள்கூட இப்போது நகரங்களில் வந்துவிட்டன.

2002-ல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 600 கல்லூரி மாணவர்களுக்கு, அவர்கள் எழுதிய கட்டுரையைக் கேவலப்படுத்தி விமர்சனம் கொடுத்துக் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர் குத்துச்சண்டைப் பையை, திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட நிதானமாக இருந்தார்கள். மனசு குக்கர் இல்லை. கத்திப் பழகினால் கத்துவது எளிதாகிறது. மனைவி மீதோ பிள்ளை மீதோ கத்திவிட்டு, "என் மனசுல ஒண்ணும் இல்ல, அப்பவே மறந்துருவேன்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவருக்கு மறந்துவிடலாம், வாங்கிக்கொண்டவருக்கு மறக்காது.

அழுகை விஷயத்திலும் இதே போன்ற ஒரு செய்தி உண்டு. கண்ணீரை நீண்ட காலம் ஆராய்ந்தவர் நெதர்லாந்தின் ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ். அவரும் லாரன் பில்ஸ்மா, ஜொனதன் ராட்டன்பெர்க் ஆகியோரும் பல நாட்டவரிடம் விசாரித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு, அழுதவுடன் எல்லோருக்கும் மனசு லேசாகிவிடுவதில்லை என்றது. யாராவது ஒருவர் ஆறுதலாகப் பக்கத்தில் இருந்தால் லேசாகிறது. அழுததற்காக வெட்கப்பட வேண்டிவந்தால் இன்னும் பாரமாகிறது. கண்ணீர் வெளியேறியது காரணம் அல்ல, அதை ஒருவர் ஏற்றுக்கொண்டதுதான் காரணம்.

நம் கிராமத்துத் துக்க வீடு இதை எந்தச் சோதனைக்கூடமும் இல்லாமல் செய்துகாட்டியது. பிறந்த ஊரிலிருந்து வரும் பெண் தெருமுனையில் கால் வைக்கும்போதே குரல் எடுப்பாள். வீட்டுப் பெண்கள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொள்வார்கள். கழுத்தில் கை போட்டு, தலையோடு தலை முட்டி, வட்டமாக உட்கார்ந்து ஆடி ஆடி அழுவார்கள். ஒருத்தி இழுத்த ஒப்பாரி முடிகிற இடத்தில் அடுத்தவள் எடுப்பாள். காது கொடுத்துக் கேட்டால், செத்தவரைப் பற்றி ஆரம்பித்த பாட்டு தன் கதைக்குத் திரும்பிவிட்டிருக்கும். புகுந்த வீட்டில் பட்டது, அண்ணன் மதிக்காதது, பெற்றவர் இல்லாமல் போனது எல்லாம் அதில் வரும். தமிழகக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005-ல் எழுதிய நூலின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்றுதான் பொருள்படும். ஒரு பெண் தன் வாழ்க்கையின் புகார் மனுவை ஊரார் காதுபட வாசிக்க, கேள்வி கேட்காமல் எல்லோரும் உட்கார்ந்து கேட்ட இடம் அது. அங்கும் ஆண்கள் பந்தலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கையைத் தொட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்காருவதோடு அவர்கள் துக்க விசாரிப்பு முடிந்தது.

ஒப்பாரியோடு ஒட்டியிருந்த விதவைச் சடங்குகளும், சாவு வீட்டு வேலைகளைச் சில சாதியினர் தலையில் கட்டிய கொடுமையும் ஒழியத்தான் வேண்டும். அவற்றில் ஏக்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் சத்தம் வெளியே கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு, மாலைக்குள் மின்மயானம் போய்த் திரும்பி, வாட்ஸ்அப் குழுவில் 'ஆழ்ந்த இரங்கல்' எண்ணிக்கொண்டிருக்கும் நாம், பழையதை விட்டதும் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

வைப்பதற்கு எளிய வழிகள் இருக்கின்றன. 2007-ல் மாத்யூ லீபர்மன் குழு மூளையைப் படம்பிடித்துச் செய்த சோதனையில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வைத்தார்கள். பெயர் சொன்னபோது, ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலா பகுதியின் துடிப்பு தணிந்தது. வாயில் வார்த்தையாக வந்த பயம் கொஞ்சம் அடங்கிய பயம். அதற்கும் முன்பே, 1986-ல், ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுத வைத்தார். எழுதி முடித்த அன்று அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் உடல்நலக் கோளாறுக்காக டாக்டரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைந்தது. ஒரு நோட்டும் பேனாவும் போதும். யாரும் படிக்க வேண்டியதும் இல்லை.

கேட்பதற்கும் பழக வேண்டும்

நோட்டில் எழுத முடியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஆள்தான் வேண்டும். அந்த ஆளாக இருப்பது எப்படி என்பதில் நாம் கற்க வேண்டியது நிறைய.

ஒருவர் மெல்ல வாய் திறக்கிறார். உடனே, "விடு, எல்லாம் சரியாயிரும்" என்கிறோம். "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எவ்வளவு பேர் இருக்காங்க" என்கிறோம். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்கிறோம். மூன்றும் நல்ல எண்ணத்தில் வருபவைதான். வாய் திறந்தவர் காதில் மூன்றும் 'பேச்சை நிறுத்து' என்றுதான் விழும். யோசனை சொல்லும் அவசரத்தை ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டால் போதும். "அப்புறம் என்னாச்சு?" என்ற ஒரு கேள்வி, பத்து யோசனைகளைவிட அதிகம் வெளியே கொண்டுவரும். 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தில் தன்னார்வலர்களின் முதல் வேலை, குறுக்கே விழாமல் கேட்பதுதான்.

எதிரே உட்கார்ந்து கேட்டால் சொல்லாத ஆண்கள், பக்கத்தில் இருந்தால் சொல்வார்கள். வண்டியில் போகும்போது, வயலில் மடை திருப்பும்போது, டீக்கடை பெஞ்சில் இருக்கும்போது கேளுங்கள். பதின்வயதுப் பிள்ளையிடம் மார்க்கைப் பற்றி ஆரம்பித்துவிட்டு மனசைப் பற்றி முடிக்க முடியாது, தனியாகத்தான் கேட்க வேண்டும். முதல் முறை "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

பலரும் தயங்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "வாழவே வேணாம்னு தோணுதா?" என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயம். அந்தப் பயம் தேவையில்லை. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. கேட்கப்பட்டவருக்கு அது பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கிறது. வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கும் குடும்பங்களும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

கேட்டபின் நம்மால் தாங்க முடியாத அளவுக்கு வந்தால், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் நோய்க்கு ஏற்றபடி 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்றது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 'நம்மள பைத்தியம்னு நினைச்சிருவாங்க' என்ற பயத்தில் வாசல்வரை வந்து திரும்புகிறவர்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போக உடன் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கு இப்போது யாரோ ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். கொஞ்ச நாளாகப் போனை எடுக்காத நண்பர், ஓய்வு பெற்றபின் பேச்சு குறைந்துபோன அண்ணன், எப்போதும் தலைவலி என்று படுத்துக்கொள்ளும் மருமகள். இன்றே அவரிடம் கேளுங்கள். நினைவுக்கு வந்தது உங்கள் முகமே என்றால், நீங்களே ஒருவரிடம் சொல்லுங்கள். சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை என்றால் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் இந்த எண்ணில் 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழில் பேசலாம்.